ஆடு போயிருச்சா?

லாரியைப் பின்பக்கமாகவே பார்த்து முப்பத்தாறு வயதை எட்டியவன் நான். 'ஒலி எழுப்பவும்', 'நாம் இருவர் நமக்கு ஒருவர்', 'அம்மா அப்பா ஆசி' எல்லாம் மனப்பாடம். இவ்வளவு படித்தவன், உள்ளே உட்கார்ந்து எதிரே வருகிற ரோட்டைப் பார்த்தது போன மாதம்தான். அதுவும் திருட்டுத்தனமாக.

ஓசூரில் ஒரு சனிக்கிழமை சாயந்திரம் ரிசப்ஷன். மேடைக்கு ஏறுகிற வரிசையில் நிற்கும்போது கோயமுத்தூரிலிருந்து வீட்டம்மா போன்.

"துணி காயப்போடற கிளிப் எல்லாம் ஒடஞ்சு போச்சு. நாளைக்கு வரும்போது தெருமுனைக் கடையில ஒரு டஜன் வாங்கிட்டு வந்துடுங்க."

தெருமுனைக் கடைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் நாலே வீடு. ஆனால் கையில் போன் இருக்கிறதே! நின்ற இடத்திலேயே தட்டினேன். ஒரு டஜன் கிளிப், 129 ரூபாய். 'நாளை காலை 11 மணிக்குள். டெலிவரி இலவசம்.' மொய்க் கவரில் இருநூறா ஐந்நூறா என்று யோசித்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு யோசிக்கவில்லை.

மறுநாள் முகூர்த்த நாள் வேறு. கோயமுத்தூர் பஸ் ஒன்றில்கூட உட்கார இடம் இல்லை. அப்போதுதான் மாப்ளே ஞாபகம் வந்தது.

மாப்ளே என்றால் உறவு இல்லை. சங்ககிரியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை என் பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். வண்டியில் வெளி ஆளை ஏற்றக் கூடாது என்பது கம்பெனி விதி. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அவன் மாப்ளேதான். கம்பெனி பெயரும் வேண்டாம்.

சங்ககிரியில் பிறந்த பையனுக்கு அந்தக் காலத்தில் இரண்டு வழி. லாரி வாங்குவது அல்லது லாரி ஓட்டுவது. நான் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்து பி.காம். படித்தேன். விளைவு, அவன் மாதச் சம்பளக்காரன். நான் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறவன். பன்னிரண்டு வருஷம் சிமெண்ட்டும் கம்பியும் ஏற்றினவன், இப்போது நாலு வருஷமாக ஆன்லைன் சரக்கு. பெங்களூர்ப் பக்கத்துக் குடோனிலிருந்து கோயமுத்தூர். மறுபடி கோயமுத்தூரிலிருந்து குடோன்.

"அத்திப்பள்ளி கிட்ட குடோன் வாசல்ல ஒரு டீக்கடை இருக்கும். ஒம்பதரைக்கு வந்துரு, பத்துக்கு எடுத்துருவேன்" என்றான். "வரும்போது கைலி கட்டிட்டு வா."

"எதுக்குடா?"

"கிளீனர் பட்டு வேட்டி கட்டிட்டு வருவானாடா?"

மண்டபத்து பாத்ரூமில் வேட்டியை அவிழ்த்து, கைலிக்கு மாறி வெளியே வந்தேன். சமையல்காரர் ஒருத்தர் என்னைப் பார்த்து, "அந்தத் தண்ணி கேனை இப்படி எடுத்து வை" என்றார். எடுத்து வைத்தேன். உடை பொருத்தம் சரியாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

ஒன்பதரைக்கு டீக்கடை. பத்து மணிக்கு ஒரு டீ. பத்தரைக்கு ஒரு டீ. பதினொன்றுக்கு டீக்கடைக்காரரே பரிதாபப்பட்டு ஒரு டீ. பதினொன்று ஐம்பதுக்கு ஒரு 32 அடி கன்டெய்னர் கேட்டைத் தாண்டி வந்து நின்றது. ஏறினேன். நாம் காரில் ஏறுவது போல் இல்லை சார், மாடிப்படி ஏறுவது மாதிரி.

"என்னடா இவ்வளவு லேட்டு?"

"நான் எங்கடா லேட்டு? நாலு மணிக்கே ரிப்போர்ட் பண்ணிட்டேன். டோக்கன் குடுத்தான். டாக்குல விட்டது பத்தேகால். ஏத்தி, சீல் வெச்சு, பேப்பர் வாங்கறதுக்கு இந்நேரம்."

"நாலுலேர்ந்து பத்து வரைக்கும் நல்லாத் தூங்கியிருப்பே."

அவன் என்னைப் பார்த்த பார்வையில், நான் பி.காம். என்பது தெளிவாகத் தெரிந்தது.

"டோக்கன் கூப்பிடும்போது ஆள் இல்லைன்னா வரிசையில கடைசிக்குப் போயிரும். எப்படிடா தூங்கறது?"

வண்டி கிளம்பியது. இவ்வளவு பெரிய கன்டெய்னர் இழுக்கிற மாதிரியே தெரியவில்லை. கேட்டேன்.

"வெயிட்டு எங்க இருக்குது? சிமெண்ட்டுன்னா பாதி இடம் நிரம்பறதுக்குள்ள எடை முடிஞ்சிரும். இதுல இடம் முடிஞ்சிரும், எடை பாதிகூட வராது. சிப்ஸ், தலகாணி, பிளாஸ்டிக் பக்கெட்டு, அதைச் சுத்தி அட்டைப் பொட்டி, பொட்டிக்குள்ள காத்தடிச்ச பை... பாதி காத்துதான்டா ஓட்டிட்டுப் போறேன்."

"அப்ப சிமெண்ட்டை விட இது சுகம்."

"சிமெண்ட்டு ஒரு மணி நேரம் லேட்டாப் போனா எவனும் கேக்க மாட்டான். இது பத்து நிமிஷம் நின்னா போன் வரும்."

கணக்கைச் சொன்னான். தூரம் ஏறக்குறைய 330 கிலோமீட்டர். கோயமுத்தூர் ஹப்பில் காலை 6.30-க்கு வண்டி நிற்க வேண்டும். அப்போதுதான் பார்சலைப் பின்கோடு வாரியாகப் பிரித்து, சின்ன வண்டிகளில் ஏற்றி, அந்தந்த ஏரியாவுக்கு அனுப்பி, ஒன்பது மணிக்குள் பைக் பையன்கள் முதுகில் பையை மாட்ட முடியும். 6.30 தாண்டினால் லாரி முதலாளிக்குப் பிடித்தம். முதலாளி அதை மாப்ளேயின் பேட்டாவில் பிடிப்பார்.

"குடோன்ல எட்டு மணி நேரம் காக்க வெச்சாங்களே, அதை எங்க கழிப்பாங்க?"

"எங்கயும் கழிக்க மாட்டாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் காலேஜில் நாலு அணா உதைத்தாலும் ராத்திரி பூரா தேடுவோம். கிடைக்காவிட்டால் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒரு தலைப்புப் போட்டு அதிலாவது எழுதி வைப்போம். இங்கே ஒரு மனுஷனின் எட்டு மணி நேரம் எந்தப் பேரேட்டிலும் ஏறாமல் காணாமல் போகிறது!

ஜூஜூவாடி வந்தது. தமிழ்நாட்டு எல்லை. முன்பெல்லாம் இங்கே செக்போஸ்ட்டில் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, வணிகவரி செக்போஸ்ட்டுகள் போயின. நான் சந்தோஷமாக, "இப்ப நிக்காமப் போகலாம், நல்லதாப் போச்சு" என்றேன்.

"வண்டிக்கு நல்லதாப் போச்சு" என்றான் மாப்ளே. "செக்போஸ்ட்டுல நாலு மணி நேரம் நிப்பாட்டுவான். திட்டிக்கிட்டே ஸ்டியரிங் மேல கால் போட்டுத் தூங்கிருவோம். முன்னாடி வண்டி நகந்தா பின்னாடி இருக்கறவன் ஹாரன் அடிச்சு எழுப்புவான். அப்புறம் டோல்கேட்டு க்யூ. அதுல பத்து நிமிஷம். 2021-ல ஃபாஸ்டேக் கட்டாயமாச்சு, அதுவும் போச்சு."

நான் வாயை மூடிக்கொண்டேன். ஜி.எஸ்.டி. பற்றி நூறு கட்டுரை படித்திருக்கிறேன். அது டிரைவரின் தூக்கத்தைக் குறைத்தது என்று ஒருத்தரும் எழுதவில்லை. வழியிலிருந்த தடையை எல்லாம் எடுத்துவிட்டார்கள், நல்ல காரியம். ஆனால் தடை இருந்த இடத்தில்தான் இவர்கள் படுக்கை விரித்திருந்தார்கள். ரோட்டில் மிச்சமான நேரம் டிரைவருக்கு வரவில்லை. நேராக என் போனில் 'நாளை காலைக்குள்' என்று வந்து உட்கார்ந்துவிட்டது.

"நேத்து எப்படா தூங்கினே?"

"நேத்து ராத்திரி கோயமுத்தூர்லேர்ந்து ஏத்திட்டு வந்தேன். காலைல எட்டுக்கு வந்து நின்னேன். இறக்கி முடிக்கறதுக்கு மதியம் ஒண்ணு. ஒண்ணுலேர்ந்து மூணரை வரைக்கும் கேபின்ல படுத்தேன். வெயில்ல எங்க தூக்கம்? புரண்டேன்."

2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற பெரிய லாரிகளுக்கு டிரைவர் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. நல்ல சட்டம். மாப்ளேயின் வண்டி 2019 மாடல். அதில் ஒரு குட்டி ஃபேன் சுற்றுகிறது. காற்று, பிள்ளையார் படத்துக்கு மட்டும் வருகிறது.

சட்டம் என்றதும் இன்னொன்று. 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று போட்டு, நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு என்று எழுதி வைத்தார்கள். மாப்ளேயிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அரை மணியா? எந்த இடத்துல குடுப்பாங்களாம்?" என்று நிஜமாகவே கேட்டான்.

கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டியது. பேச்சு குறைந்தது. அவனுடைய மகளின் ஆண்டுவிழா டான்ஸைப் பற்றிச் சொன்னான். ஹப் வாசலில் நின்றபடி போனில் பார்த்தானாம். பத்து நிமிஷம் கழித்து, அதே டான்ஸ் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தான். தூரத்து ஊர்க்காரனிடம் முதல் தடவை சொல்வது மாதிரி. நான் 'உம்' கொட்டினேன். வயிற்றில் லேசாக என்னவோ பண்ணியது.

தர்மபுரிக்குச் சற்று முன்னால் திடீரென்று வேகத்தைக் குறைத்தான். பிரேக். இன்னும் பிரேக். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்து விலகிப் போனது. மாப்ளே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் நன்றாகத் திறந்திருந்தது.

"ஆடு போயிருச்சா?" என்றான்.

"எந்த ஆடு?"

"இதா, மந்தையா குறுக்க..."

எதிரே நாலு வழி ரோடு சுத்தமாக, வெறுமையாக, நிலா வெளிச்சத்தில் கிடந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் ஆட்டு மந்தையை யார் ஓட்டிக்கொண்டு வருவார்கள்?

"மாப்ளே, ஆடே இல்லடா."

அரை நிமிஷம் பேசவில்லை. அப்புறம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து தலையில் ஊற்றிக்கொண்டான். ஒரு பெட்ரோல் பங்க்கை ஒட்டி வண்டியை ஒதுக்கி நிறுத்தினான்.

"முன்னாடி தொப்பூர் இறக்கம் இருக்குது. இந்தக் கண்ணோட இறங்கக் கூடாது. முக்கால் மணி நேரம். எழுப்பாதே. போன் வந்தா நீ பாத்துக்க."

சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகையில் சாய்ந்தான். சாய்வதற்கும் குறட்டைக்கும் நடுவில் ஒரு மூச்சுதான். மணி 2.12.

2.24-க்குப் போன் அதிர்ந்தது. 'கன்ட்ரோல் ரூம்'. எடுக்கலாமா? நான் இந்த வண்டியில் இல்லாத ஆள். எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அதிர்ந்தது. மாப்ளே புரண்டான். அவன் எழுந்துவிடக் கூடாதே என்று எடுத்துவிட்டேன்.

"அண்ணா, வண்டி 2.12-லேர்ந்து நிக்குதுங்கண்ணா. ஜி.பி.எஸ்.ல காட்டுது. என்ன ரீசன்?" சின்னப் பையன் குரல்.

"நான் கிளீனர் பேசறேனுங்க."

"இந்த வண்டிக்குக் கிளீனர் இல்லீங்களே?"

இந்த இடத்தில் கதாநாயகனாக இருந்தால் என்னவாவது சமயோசிதமாகச் சொல்லியிருப்பான். நான் மூன்று டீயின் பலத்தில் உண்மையைச் சொன்னேன். "தம்பி, டிரைவர் தூங்கறார். ரோட்டுல இல்லாத ஆட்டுக்குப் பிரேக் போட்டார். அடுத்தது தொப்பூர்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அண்ணா, இங்க கம்ப்யூட்டர்ல ரீசன் லிஸ்ட் இருக்குது. பிரேக்டவுன், பஞ்சர், டிராஃபிக், ஆக்சிடென்ட், போலீஸ் செக்கிங். இதுல ஒண்ணைத்தான் போட முடியும். தூக்கம்னு இல்லீங்கண்ணா."

ஆக்சிடென்ட்டுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதைத் தவிர்ப்பதற்கு ஒரு கட்டம் இல்லை.

"பஞ்சர்னு போடுங்க தம்பி. பொய்யில்லை. ஆளுதான் பஞ்சர்."

சிரித்துவிட்டான். "பஞ்சர்னா டயர் போட்டோ கேப்பாங்க. டிராஃபிக்னு போடறேன். ரெண்டு மணிக்கு டிராஃபிக்கான்னு கேட்டா நான் பாத்துக்கறேன். மூணு மணிக்கு மேல நின்னா மேலதிகாரிக்குத் தானாப் போயிரும். அதுக்குள்ள கிளப்பிருங்க."

"நீங்க எத்தனை மணிக்குத் தூங்குவீங்க தம்பி?"

"ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடியுமுங்க. போன வருஷம்தான் பி.காம். முடிச்சேன்."

போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். அவன் அங்கே முழித்து, நான் இங்கே முழித்து, இரண்டு பி.காம். சேர்ந்து ஒரு டிரைவருக்கு முக்கால் மணித் தூக்கம் சம்பாதித்துக் கொடுத்தோம். என் படிப்புக்கு இவ்வளவு நேரடியான பிரயோஜனம் அதுவரை இருந்ததில்லை.

2.57-க்கு எழுப்பினேன். முகம் கழுவினான். ஒரு டீ. வேறு ஆளாக இருந்தான்.

தொப்பூர் இறக்கத்தில் கியரைக் குறைத்து, வண்டியை இன்ஜின் பிடியிலேயே இறக்கினான். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், பிரேக் சூடாகிக் கடைசியில் பிடிக்காமல் போய்விடும் என்றான். இங்கே கவிழ்ந்த வண்டிகளில் நிறைய அப்படித்தானாம். வளைவுகளைப் பார்த்தேன். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் இருட்டு. இந்த இடத்தில் அந்த ஆடு வந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளையார் படத்துக்கு வருகிற காற்றில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஓமலூர், வைகுந்தம், விஜயமங்கலம், கணியூர் என்று டோல்கேட்டுகள் ஒவ்வொன்றாகத் தானே திறந்தன. சங்ககிரியைத் தாண்டும்போது இரண்டு பேரும் எங்கள் பள்ளிக்கூடம் இருக்கும் திசையைப் பார்த்தோம். ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஹப் வாசலுக்குப் போனபோது மணி 7.10. நாற்பது நிமிஷம் லேட். வாசலில் இருந்தவர் நேரத்தைப் பெரிய எழுத்தில் குறித்துக்கொண்டார். கையோடு ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். டோக்கன்! உள்ளே டாக்கில் இடமில்லை, முன்னால் ஏழு வண்டி நிற்கிறது, இறக்குவதற்குப் பதினொன்று ஆகும் என்றார்.

நாற்பது நிமிஷம் லேட்டுக்குப் பிடித்தம். நாலு மணி நேரம் காத்திருப்பதற்கு டோக்கன். நான் சண்டைக்குப் போகப் பார்த்தேன். மாப்ளே கைலியைப் பிடித்து இழுத்தான். "நீ கிளீனர்டா. கிளீனர் சட்டம் பேசக் கூடாது."

டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து படுத்தேன். பத்து நாற்பதுக்கு அழைப்பு மணி. வாசலில் பைக் பையன். கையில் அட்டைப் பெட்டி. அதற்குள் காற்றடித்த பை. அதற்குள் கிளிப், ஒரு டஜன்.

'சொன்ன நேரத்துக்கு இருபது நிமிஷம் முன்னாலேயே!' என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது. மாப்ளேயின் கன்டெய்னர் இன்னும் சீல்கூட உடைக்காமல் வாசலில் நிற்கிறது. அப்படியானால் என் கிளிப் வேறு ஒரு வண்டியில் வந்திருக்கிறது. அந்த வண்டி 6.30-க்கு முன்னால் வந்திருக்கிறது. அதன் டிரைவர் எங்கேயும் நிற்கவில்லை. அவருக்கு ஆடு வந்ததா? வந்தபோது, 'அது இல்லை' என்று சொல்லப் பக்கத்தில் ஒருத்தன் இருந்தானா?

'உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை' என்று அக்கவுண்டன்சி வாத்தியார் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தது. உள்ளே வந்தது ஒரு டஜன் கிளிப். வெளியே போனது 129 ரூபாய் மட்டும் என்று எழுதினால் பாலன்ஸ் ஷீட் டேலி ஆகிவிடும். ஆனாலும் அது தப்பான கணக்கு.

கிளிப் பெட்டி மூன்று நாள் பிரிட்ஜ் மேலேயே கிடந்தது. மழை. துணி காயப் போடவே இல்லை.

போன வாரம் ஷேவிங் ரேசர் தீர்ந்துவிட்டது. பழக்கதோஷம், போனை எடுத்தேன். 'நாளை' என்று ஒரு கட்டம், 'வியாழன்' என்று ஒரு கட்டம். இரண்டுக்கும் டெலிவரி இலவசம். கட்டைவிரல் தானாக 'நாளை'க்குப் போயிற்று. பிரேக் போட்டேன். வியாழனைத் தட்டினேன்.

புதன்கிழமை இந்தக் கட்டுரையைக் கொடுக்கப் பத்திரிகை ஆபீசுக்குப் போனேன்.

"என்ன சார், தாடி?" என்றார்கள்.

"ஒண்ணுமில்லீங்க, ஆடு குறுக்க வந்திருச்சு" என்றேன்.